பெரிய மார்க்கெட்டில் ஒரு ஹவாயன் கிட்டார்

கொஞ்சம் நீளமான குறிப்பு இது. மூணு மாசமா துண்டு துண்டா எழுதி வெச்சிருந்ததை இப்பதான் ஒண்ணா சேர்க்கிறேன்.

போன மழைக்காலத்துல ஒரு சனிக்கிழமை மீன் வாங்க பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். (வெளியூர்க்காரங்களுக்கு: ஏட்டில் அதன் பெயர் குபேர் அங்காடி. புதுச்சேரியின் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேர் நினைவாக வைத்தது. ஆட்டோக்காரர்கிட்ட அப்படிச் சொல்லிப் பாருங்க, ரெண்டு நொடி யோசிச்சிட்டுதான் வண்டியை எடுப்பார்.) மழை வலுத்ததால் ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்குள் ஒதுங்கினேன். பித்தளை அண்டா, ரெக்கை உடைஞ்ச டேபிள் ஃபேன், பிரெஞ்சுக் காலத்து கதவுக் கொண்டி. அதுங்களுக்கு மேல, ஆணியில் ஒரு கிட்டார் தொங்கியது. ஆறு கம்பியில் ரெண்டுதான் மிச்சம்.

சாதாரண கிட்டாராக இருந்தால் திரும்பிக்கூட பார்த்திருக்க மாட்டேன். ஆனா இதோட கழுத்து உருண்டையா இல்லை, சதுரமா இருந்தது. கம்பி ரெண்டும் பலகையிலிருந்து சுண்டுவிரல் நுழையும் உயரத்துல நின்றது. பலகையில் மெட்டுகள் எழும்பி நிற்காமல் வெறும் கோடுகளாகப் பதிந்திருந்தன. உடம்பின் விளிம்பைச் சுத்தி கறுப்பும் வெள்ளையுமா முறுக்கின கயிறு மாதிரி ஒரு கரை. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு.

ஏன் என்பதைச் சொல்ல கொஞ்சம் பின்னால போகணும்.

ஹவாயன் கிட்டாரை நெஞ்சோடு அணைத்து வாசிக்க மாட்டார்கள். மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து கம்பிமேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். அதனாலதான் கம்பிகள் உயரத்தில் இருக்கும். இரும்பு பலகையில் இடிக்கக் கூடாது. மெட்டுகளுக்கு அங்கே வேலையே இல்லை, எங்கே நிறுத்தணும்னு கண்ணுக்கு அடையாளம் காட்ட ஒரு கோடு போதும். சாதாரண கிட்டார் படிக்கட்டு, இது சாய்தளம். ரெண்டு சுரத்துக்கு நடுவில் இருக்கும் எல்லா இடத்துக்கும் போய் வரலாம். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. நம்ம கோட்டுவாத்தியமும் இதே தத்துவம்தான்: மெட்டில்லாத வீணை, கையில் வழுக்கும் கட்டை. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாசித்த வாத்தியம். இப்போது சித்திரவீணை என்கிறார்கள்.

ஹவாயில் இதைத் தொடங்கியவராக ஜோசப் கெகுகு பெயரைச் சொல்வார்கள். 1874இல் பிறந்தவர். ஓஆஹு தீவில் லாயி என்ற ஊர்ப் பையன், 1880களின் பிற்பகுதியில், ஒரு இரும்புத் துண்டைக் கம்பியில் வைத்துத் தேய்த்துப் பார்த்து வந்த முறை என்பது கதை. ரயில் தண்டவாளத்து போல்ட் என்பார்கள், கத்தி என்பார்கள், சீப்பு என்பார்கள். இன்னொரு கதையும் உண்டு: அவருக்குக் கொஞ்சம் முன்பே கேப்ரியல் தாவியோன் என்று ஒருவர் அங்கே இப்படி வாசித்தார், அவர் இந்தியாவில் பிறந்து கப்பல்காரர்களால் கொண்டுபோகப்பட்டவர் என்று. பெயரைக் கேட்டால் எங்க ஊர் வாக்காளர் பட்டியலில் அப்படியே செருகிவிடலாம் போலிருக்கும். அதை வைத்து 'ஹவாயன் கிட்டார் பாண்டிச்சேரிக்காரன் கண்டுபிடிச்சது'ன்னு வாட்ஸப்பில் அனுப்பிடாதீங்க. அவர் எந்த ஊர்க்காரர் என்பதற்கு இந்தக் கதையில் ஒரு துப்பும் இல்லை.

1915இல் பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட சான் பிரான்சிஸ்கோவில் மாபெரும் கண்காட்சி. ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஜனங்கள் வந்துபோனார்கள். அங்கே ஹவாய் அரங்கில் நாள்தோறும் இந்த இசை. அடுத்த வருஷமே அமெரிக்காவில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் ஹவாய்ப் பாட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் மடி கிட்டார் வேண்டும். அதைச் செய்து கொடுத்தவர்களில் ஒருவர்தான் ஹெர்மன் வைசன்போர்ன். 1863இல் ஜெர்மனியில் பிறந்து, 1902இல் நியூயார்க்குக்கு வந்து, பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் பட்டறை போட்டவர்.

இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இவர் 1920களிலும் அதை ஒட்டியும் செய்த கிட்டார்களைத்தான். முதல் காரணம் கழுத்து. சாதாரண கிட்டாரில் கழுத்து ஒரு கெட்டிக் கட்டை, உடம்போடு ஒட்டியது. வைசன்போர்ன் கிட்டாரில் உடம்பே குறுகிக் குறுகி கழுத்தாகப் போகும், உள்ளே தலைவரைக்கும் வெற்றிடம். கழுத்து எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று கைவைத்துச் சொல்ல முடியாது. இந்த யோசனை அவருடையது மட்டும் அல்ல. நார்வேயிலிருந்து அமெரிக்கா வந்த கிறிஸ் நுட்சன் என்பவர் அவருக்கு முன்னாலேயே வெற்றுக் கழுத்து கிட்டார்கள் செய்தார். வைசன்போர்ன் அந்த வடிவத்தைச் செம்மை செய்து நிறைய செய்தார், அதனால் அவர் பெயர் நின்றுவிட்டது.

ரெண்டாவது மரம். கோவா என்பது ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். நம்ம ஆரோவில் காடுகளில், செம்மண் பொட்டலை மூடுறதுக்காக ஆரம்ப காலத்துல நட்ட ஆஸ்திரேலிய அகேசியாவைப் பார்த்திருப்பீங்க, கத்தி மாதிரி வளைஞ்ச இலையோட. அதே அகேசியா இனத்தைச் சேர்ந்ததுதான் கோவாவும். நல்ல கோவாப் பலகையை வெளிச்சத்தில் சாய்த்தால் பட்டுப்புடவை மாதிரி நிறம் மாறி மின்னும். உடம்பு முழுக்க, மேல் பலகை உட்பட, அதே மரம்.

மூணாவது காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நூறு வருஷத்து சாதாரண கிட்டாரை வாங்கினால் பெரும்பாலும் வாசிக்க முடியாது. கம்பி இழுத்து இழுத்து கழுத்து வளைந்திருக்கும், கம்பி மேலேறியிருக்கும், மெட்டுகள் தேய்ந்திருக்கும். கழுத்தைக் கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டும், செலவு பிடித்த வேலை. மடி கிட்டாரில் கம்பி முதலிலிருந்தே உயரம், மெட்டை யாரும் தொடுவதில்லை. கழுத்து கொஞ்சம் வளைந்தால்தான் என்ன? அதனால நூறு வருஷப் பழசை அலமாரியிலிருந்து எடுத்து, கம்பி மாட்டி, அன்னிக்கு சாயங்காலமே வாசிக்கலாம். பழைய பொருள் சேகரிப்பில் இது அபூர்வம்.

ஆனா வலுவானது என்று நினைச்சுடாதீங்க. பலகை மெலிசு, உள்ளே தாங்கும் சட்டங்களும் மெலிசு. கம்பியின் இழுவையில் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு உப்பி, முன்னால் குழிந்து போனவை நிறைய. அந்த நாதத்துக்குக் காரணமும் இதே மெலிசுதான். கெட்டியாகச் செய்திருந்தால் பிழைத்திருக்கும், ஆனால் தேடி அலைய யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு, காலம். 1927இல் அலுமினியக் கூம்பு வைத்த நேஷனல் உலோக கிட்டார் வந்தது, சத்தம் பல மடங்கு. 1932இல் ரிக்கன்பேக்கரின் மின் கிட்டார் விற்பனைக்கு வந்தது. வாணலி மாதிரி இருந்ததால் அதற்கு வாணலி என்றே செல்லப்பெயர். முதன்முதலில் தொழில்முறையில் விற்கப்பட்ட மின் கிட்டாரே மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதோடு மர மடி கிட்டாரின் காலம் முடிந்தது. 1937இல் வைசன்போர்ன் இறந்தபோது அவருடைய கிட்டார்கள் பரணுக்குப் போய்விட்டிருந்தன. பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் லிண்ட்லி கையிலும், பிறகு பென் ஹார்ப்பர் கையிலும் அவை மறுபடி ஒலித்தன. விலை ஏற ஆரம்பித்தது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்று பல ஆயிரம் டாலர்.

அவர் செய்ததில் நான்கு தரங்கள். ஒன்றாம் எண் வெறுமை, அலங்காரம் இல்லை. எண் ஏற ஏற அலங்காரம் ஏறும். நான்காம் எண்ணில் உடம்பு, கழுத்து, தலை எல்லா விளிம்பிலும் கயிற்று முறுக்கு மாதிரி மரத்துண்டுகள் பதித்த கரை. விலையும் அதற்கேற்ப. நாதத்தில் அந்த அளவு வித்தியாசம் இருக்காது என்பது என் எண்ணம், கயிற்றுக் கரை பாடாது இல்லையா.

இப்ப புரியுதா, அந்தக் கடையில் கயிற்றுக் கரையைப் பார்த்ததும் எனக்கு ஏன் படபடப்பு வந்ததுன்னு?

"பாய், இது எவ்ளோ?"

"நாலாயிரத்து ஐநூறு சார். பழைய காலத்து சாமான்."

"கம்பியே இல்லையே பாய். வீட்ல பசங்க விளையாடத்தான் கேக்குறேன்."

இந்தக் கடைசி வரியை நான் சொன்னேன். பசங்க விளையாட. ரெண்டாயிரத்து எண்ணூறுக்குப் படிந்தது. மீனை மறந்துட்டு வீட்டுக்கு வந்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அது அவ்ளோ விலைன்னா அவர்கிட்ட சொன்னீங்களா?" சேகரிப்பாளர்கள் உலகத்தில் இதற்குப் பெயர் அதிர்ஷ்டம். கடைக்காரருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்தால் அது நம்ம உழைப்பின் பலன் என்பார்கள். நானும் அப்படித்தான் அவளுக்குப் பதில் சொன்னேன். ராத்திரி தூக்கம் மட்டும் வரலை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். யாராவது உங்களிடம் 'பழைய ஹவாயன் கிட்டார்' என்று கொண்டுவந்தால் இதே வரிசையில் பாருங்க.

முதலில் கழுத்தைத் தட்டினேன். வெற்றுக் கழுத்து என்றால் உடம்பைத் தட்டும்போது வரும் சத்தத்தின் தம்பி மாதிரி ஒன்று வரணும். வந்தது 'டொக்'. கெட்டிக் கட்டை. அங்கேயே பாதி முடிந்தது. அடுத்து கயிற்றுக் கரையை நகத்தால் தடவினேன். பதித்த மரம் என்றால் சேர்ப்பு இடங்கள் விரலுக்குத் தெரியும். இது வழவழன்னு இருந்தது: வண்ணத்தில் வரைந்தது, அதுவும் ஒரு மூலையில் தூரிகை கொஞ்சம் விலகியிருந்தது. பிறகு ஒலித்துளையின் விளிம்பு. பிளைவுட் என்றால் மூணு அடுக்கு தெரியும். இதில் அடுக்கு இல்லை, ஒற்றைப் பலகைதான். ஆனா சாய்த்துப் பார்த்தால் அந்தப் பட்டு மினுமினுப்பு துளியும் இல்லை.

கோடுகளை ஸ்கேல் வைத்து அளந்தேன். இதில் கணக்கு எளிது. ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் மிச்சமுள்ள கம்பியின் நீளத்தை 1.0595ஆல் வகுக்கணும். 63.5 செ.மீ. கம்பி என்றால் முதல் கோடு தலைப்பக்கத்திலிருந்து 3.56 செ.மீ., பன்னிரண்டாவது சரி பாதியில், 31.75. என் கிட்டாரில் பன்னிரண்டாவது சரியாக இருந்தது. நடுவில் ரெண்டு மூணு கோடுகள் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி. தொழிற்சாலை அச்சு வைத்து வெட்டியதில்லை, யாரோ ஒருவர் கையால் குறித்து வெட்டியது.

கடைசியாக போன் கேமராவைத் துளைக்குள் விட்டேன். வைசன்போர்ன் என்றால் உள்ளே பின்பலகையில் கேடயம் மாதிரி சுட்ட முத்திரை இருக்கணும். இருந்தது பாதி கரையான் தின்ன ஒரு காகித லேபிள். பிரெஞ்சு எழுத்து. 'லூத்தியே' என்று ஒரு சொல், தந்தி வாத்தியம் செய்பவர் என்று அர்த்தம். ஆள் பெயர் போய்விட்டது. கீழே ஊர்ப் பெயரில் கடைசி நாலு எழுத்து மட்டும். முன்னால் ரெண்டு எழுத்து போட்டுப் பார்த்தேன்: சைகோன்.

ஏமாற்றம்தான், பொய் சொல்லலை. ஆனா அடுத்த அரை மணி நேரத்துல அது போய், வேற ஒரு பரபரப்பு தொத்திக்கிச்சு.

இந்தியாவில் ஹவாயன் கிட்டார் என்றால் எல்லாரும் கல்கத்தாவைத்தான் சொல்வோம். மதாம் ரிவியேர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நடத்திய ஹவாய்க் குழுவோடு 1920களின் கடைசியில் ஆசியச் சுற்றுப்பயணம் கிளம்பிய டாவ் மோ, 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் வருஷக்கணக்கில் தங்கி வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். கார்னி நிஸ் போன்ற ஆங்கிலோ இந்தியக் கலைஞர்கள் வளர்ந்தார்கள். பிறகு வங்காளத்து நடுத்தர வீடுகளில், நம்ம வீடுகளில் வீணை மாதிரி, பெண் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் வாத்தியமாகவே ஆனது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' தட்டு உலகம் சுற்றியது. விஸ்வமோகன் பட் அதில் அனுதாபத் தந்திகள் சேர்த்து மோகனவீணை ஆக்கினார், 1994இல் ரை கூடரோடு கிராமி வாங்கினார். இதெல்லாம் நன்றாக எழுதப்பட்ட வரலாறு.

சைகோன் பாதையை எங்க ஊரில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. வியட்நாமிலும் இந்த வாத்தியம் பிரபலமாக இருந்தது. அங்கே அதற்கு ஹா உய் கம் என்று பெயர். ஹா உய் என்றால் ஹவாய், கம் என்றால் தந்தி வாத்தியம். தோவான் சுவான் என்ற புகழ்பெற்ற பாடலாசிரியர் இதை வாசித்தவர். சைகோனுக்கும் பாண்டிச்சேரிக்கும் உள்ள சம்பந்தம் இங்கே எல்லாருக்கும் தெரியும். 1881 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களிலிருந்து ஏராளமானோர் இந்தோசீனாவுக்கு அரசு வேலைக்கும், போலீஸுக்கும், பட்டாளத்துக்கும் போனார்கள். ஓய்வு பெற்றுத் திரும்பிய சொல்தாக்கள் வீட்டில் சைகோன் பீங்கான், அரக்குப் பெட்டி, நெம் எல்லாம் கூடவே வந்தது. கிட்டார் ஒன்று வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம், எனக்கு அது இவ்வளவு நாள் தோணாததுதான்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் பாய் கடைக்குப் போனேன். முதலில் விஷயத்தைச் சொன்னேன்: லட்சம் போகும்னு நினைச்சுதான் வாங்கினேன், பசங்க விளையாட இல்லை, ஆனா அது இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அவர் சிரிச்சார். "எனக்குத் தெரியும் சார். பசங்களுக்கு வாங்குறவங்க கம்பி எங்க கிடைக்கும்னு கேப்பாங்க. நீங்க கேக்கலையே."

எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன்.

"குருசுக்குப்பம் பக்கம். சைகோன் வீடுன்னு சொல்லுவாங்க. பெரியவர் தவறிட்டாரு, பசங்க எல்லாம் பிரான்ஸ்ல. மொத்தமா லாட்டு எடுத்தேன். ஒரு பொட்டில இருந்துச்சு."

"பொட்டி எங்க பாய்?"

"கரையான் தின்னுடுச்சு சார், தூக்கிப் போட்டுட்டேன். உள்ள ஏதோ நோட்டுப் புஸ்தகம், அதுவும் மக்கிப்போச்சு. அப்புறம் இந்தளவுக்கு ஒரு இரும்புத் துண்டு, வழவழன்னு இருக்கும். எதுக்குன்னு தெரியலை. மத்த இரும்போட எடைக்குப் போட்டுட்டேன்."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரித்து அவர் காட்டிய அளவு மூணு அங்குலம் இருக்கும். அதுதான் அந்தப் பெரியவர் கையில் பிடித்து வாசித்த துண்டு. கிட்டாரில் அவர் கை பட்டதற்கு அடையாளமே இருக்காது, ஏன்னா இந்த வாத்தியத்தில் இடது கை பலகையைத் தொடுவதில்லை என்று மேலே சொன்னேன். தேய்மானம் எல்லாம் அந்த இரும்பில்தான் இருந்திருக்கும். நோட்டில் என்ன எழுதியிருந்தாரோ, சுரமோ, பாட்டோ, எந்த மொழியோ.

சேகரிப்பாளர் கணக்கில் இதன் மதிப்பு என்ன என்று பழைய கிட்டார் வாங்கி விற்கும் நண்பர் ஒருவரிடம் படம் அனுப்பிக் கேட்டேன். பெயர் தெரியாத பட்டறை, வரைந்த கரை, பாதி லேபிள்: சுவரில் மாட்ட நல்லா இருக்கும் என்றார். அவர் சொன்னது சந்தை நிலவரம். எனக்கு அதில் ஒரு முரண் தெரிகிறது. வைசன்போர்ன் கிட்டார்கள் நூற்றுக்கணக்கில் பிழைத்திருக்கின்றன, எண் போட்டு, தரம் பிரித்து, யார் கையில் எது என்று பட்டியலே போடலாம். சைகோனில் கையால் கோடு குறித்து, கயிற்றுக் கரை பதிக்க வசதியில்லாமல் வரைந்து செய்த மடி கிட்டார், பாண்டிச்சேரிக்குக் கப்பலேறி வந்தது, எத்தனை இருக்கும்? அபூர்வம்தான் விலை என்றால் இதற்கல்லவா விலை? ஆனா அபூர்வத்தோட பெயரும் வேணும். யாரும் தேடாத பொருள் எவ்வளவு அபூர்வமானாலும் பழைய சாமான்தான்.

கம்பி மாட்டிவிட்டேன். பழைய உடம்பு என்பதால் மெலிசான கம்பி, சுருதியும் கொஞ்சம் இறக்கி. ச ப ச க ப ச என்று சேர்த்தேன், அந்தர காந்தாரம். ஹவாயன் கிட்டாரில் பரவலான சேர்க்கைகளில் ஒன்று இது. துண்டை நேராக எங்கே வைத்தாலும் மேஜர் கார்டுதான் வரும், மைனர் வேண்டுமென்றால் துண்டைச் சாய்க்கணும். ராகம் வாசிக்க இது தோதுப்படாது என்றுதான் காப்ரா கார்டை விட்டுவிட்டு சுருதிக் கம்பி சேர்த்தார். நான் இன்னும் அந்த இடத்துக்கு வரலை. மோகனத்தில் ஆரோகணம் அவரோகணம், அவ்வளவுதான். கையில் பிடிப்பது ஸ்பேனர் செட்டில் இருந்த நீள சாக்கெட். முதல் வாரம் பூனை வீட்டை விட்டுப் போயிடுச்சு, இப்ப திரும்ப வந்துட்டுது.

லேபிளை வெளியே எடுக்கவில்லை. உள்ளேயே விட்டு, கரையான் மருந்து மட்டும் வைத்தேன். படம் பெரிதுபடுத்தி வைத்திருக்கிறேன். பழைய சைகோன் தெருப்பெயர்கள் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க, இரண்டாம் வரியில் 'ரூ' என்று தொடங்கி 'த்' மாதிரி ஒரு ஒலியில் முடிகிறது.

இன்னொன்று. உங்க வீடோ, தெரிஞ்சவங்க வீடோ சைகோன் வீடாக இருந்து, பரணைக் காலி செய்யப்போகிறீர்கள் என்றால், மூணு அங்குலத்துக்கு வழவழப்பான இரும்பு அல்லது பித்தளைத் துண்டு எதையாவது பார்த்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்க. கிட்டார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.